முன்னோட்டம் பார்த்துத் திரும்பும் வாசகர்: தேடுபொறியும் திருவண்ணாமலையும்

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சில நாட்கள் முன்னதாகத் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. கிரிவலம் செல்ல உகந்த நேரம் இன்ன தேதி இத்தனை மணிக்குத் தொடங்கி மறுநாள் இத்தனை மணிக்கு முடிகிறது என்ற இரண்டு வரிதான் அதன் சாரம். நாளிதழ்கள் அதை எடுத்துப் போடுகின்றன. ஆன்மிகத் தளங்கள், ஜோதிடத் தளங்கள், பேருந்துச் செய்தி போடும் தளங்கள் எல்லாம் அதைத் தத்தம் பக்கத்தில் ஏற்றுகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பக்தர் கைபேசியில் ‘கிரிவலம் நேரம்’ என்று தட்டியதும் பத்துப் பன்னிரண்டு தளங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்புக்கும் கீழே இரண்டு மூன்று வரி முன்னோட்டம். பல நேரம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்தில் பதிலே எழுதப்பட்டிருக்கிறது. நேரம் தெரிந்தாயிற்று. எந்தத் தளத்துக்குள்ளும் போக வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இந்தச் சிறு நிகழ்வுக்குள் இன்றைய இணையத்தின் பெரிய வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. தேடுபொறி காட்டும் முன்னோட்டம், தளத்துக்கு ஆள் அனுப்பும் வாசலா, அல்லது வந்தவரை அங்கேயே நிறுத்திவிடும் திண்ணையா? தளம் கட்டுபவர்கள், செய்தி நிறுவனங்கள், போட்டி ஆணையங்கள் என்று பலரும் பதினைந்து ஆண்டுகளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு முறை லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் சுற்றி நடக்கும் ஓர் ஊரின் தகவல் தேவையை வைத்துப் பார்த்தால், எல்லாத் தளங்களுக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பது தெரிகிறது.

முன்னோட்டம் ஒரு கட்டத்தில் படமாகவும் வந்தது. 2010 நவம்பரில் கூகுள் ‘இன்ஸ்டன்ட் ப்ரீவியூஸ்’ என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் ஒரு பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்கும். அதைத் தொட்டால் வலப்பக்கத்தில் அந்த இணையப் பக்கத்தின் சிறு படம் விரியும். தேடிய சொல் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதும் எடுப்பாகக் காட்டப்படும். இந்த வசதியைப் பயன்படுத்தியவர்கள், தாங்கள் சொடுக்கிய பக்கத்தில் திருப்தி அடையும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுதல் என்று கூகுள் அப்போது சொன்னது.

வடிவமைப்பாளர்களுக்கு அது ஒரு சோதனைக் காலம். உள்ளே வந்த பிறகு அசத்தலாம் என்று ஃப்ளாஷில் அசையும் முகப்புகளைக் கட்டிவைத்திருந்தவர்களின் பக்கம், முன்னோட்டப் படத்தில் வெற்றுக் கட்டமாகத் தெரிந்தது. பக்கம் முழுக்க விளம்பரமாக இருந்தால் அதுவும் சொடுக்கும் முன்பே அம்பலமானது. அதனால் தெளிவான தலைப்பு, ஒரே நோக்கில் புரியும் அமைப்பு, மேல்பகுதியிலேயே முக்கியச் செய்தி ஆகியவை அழகியல் விருப்பம் என்ற நிலையைத் தாண்டி வருகையைத் தீர்மானிக்கும் விஷயங்களாகின. படம் எடுக்க வந்த கூகுளின் நிரல், சர்வர் பதிவேட்டில் ‘கூகுள் வெப் ப்ரீவியூ’ என்ற பெயரில் தடம் பதித்துச் சென்றது. அதை மனித வருகையோடு சேர்த்து எண்ணிவிடாமல் கழிப்பதும் தளம் நடத்துவோரின் புது வேலையாயிற்று. முன்னோட்டப் படம் வேண்டாம் என்று தடுக்க நினைத்தவர் ‘நோஸ்னிப்பெட்’ என்ற குறியைப் போட வேண்டியிருந்தது. போட்டால் படத்தோடு முன்னோட்ட வரிகளும் போய்விடும். இந்தச் சிக்கலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பதில்களிலும் அதுவே திரும்பி வந்திருக்கிறது.

2013 ஏப்ரலில் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. பயன்படுத்துவோர் குறைவு என்பதே காரணம். படம் போனாலும் எழுத்து வளர்ந்தது. 2012 இல் தகவல் பலகை, 2014 இல் பதில் கட்டம், கூடவே நட்சத்திர மதிப்பீடு, நிகழ்ச்சித் தேதி, வரைபடப் பெட்டி என்று முடிவுப் பக்கம் தானே ஒரு பத்திரிகைப் பக்கம்போல் ஆயிற்று.

தமிழ்த் தளங்கள் இந்த ஓட்டத்தில் தாமதமாகவே சேர்ந்தன. 2000-களின் நடுப்பகுதிவரைகூட பல தமிழ்ச் செய்தித் தளங்கள் தமக்கென எழுத்துருவும் குறியேற்றமும் வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். தேடுபொறியின் முன்னோட்டத்திலும் அதே கோவைதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு குறியேற்றங்களை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010 ஜூனில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடுக்கு மாறிய பிறகுதான் தமிழ்ப் பக்கம் தேடுபொறிக்குப் பக்கமாகவே தெரிந்தது.

அந்த மாற்றத்தால் விளைந்த நன்மைக்குத் திருவண்ணாமலையோடு தொடர்புள்ள எடுத்துக்காட்டே உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இந்தத் தலத்தில் பாடினார் என்பது மரபு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திருவாசகம் உள்ளிட்ட நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தது. இன்று மார்கழி விடியலில் காதில் விழுந்த அரைகுறை அடி ஒன்றைத் தட்டினாலும், அந்த அடி தடித்த எழுத்தில் முன்னோட்டத்தில் நிற்கிறது. சொடுக்கினால் முழுப் பதிகம் கிடைக்கிறது. முன்னோட்டம் ஆளை உள்ளே அனுப்பும் இடம் இதுதான். ஒரு வரியால் தீராத ஆவல் இருக்கும் இடத்தில் அது வாசலாகவே இருக்கிறது. ரமணாசிரமத்தின் இணையதளமும் இந்த வகை. ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார் என்பதை முன்னோட்டமே சொல்லிவிடும். ஆனால் ஆசிரமம் இலவசமாகத் தரும் மின்னூல்களைப் படிக்கவோ, தங்க இடம் கேட்டு விண்ணப்பிக்கவோ தளத்துக்குள் போயே ஆக வேண்டும்.

கிரிவல நேரத்தின் கதை வேறு. அங்கே ஆவல் ஒரு வரியில் தீர்ந்துவிடுகிறது. அந்த ஒரு வரி சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

2025 சித்ரா பௌர்ணமியை எடுத்துக்கொள்ளலாம். பௌர்ணமித் திதி மே 11 இரவில் தொடங்கி மே 12 இரவு வரை நீடித்தது. வானியல் கணக்கில் முழுநிலவு மே 12 இரவு 10.26 மணி. சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணம் 168 பாகையைத் தாண்டும்போது பௌர்ணமித் திதி பிறக்கிறது. 180 பாகையைத் தொடும்போது முடிகிறது. வானியலார் முழுநிலவு என்று குறிப்பதும் அந்த 180 பாகைக் கணத்தைத்தான். ஆகவே ‘முழுநிலவு எப்போது’ என்ற கேள்விக்குத் தேடல் பக்கம் காட்டும் நேரம், பக்தரின் கணக்கில் பௌர்ணமி முடிகிற நேரம். மே 12 இரவு 10.26 என்ற ஒற்றை வரியை நம்பி, அன்றிரவு ஒன்பது மணிக்குக் கிரிவலப் பாதையில் உள்ள இந்திர லிங்கத்திலிருந்து நடக்கத் தொடங்கியவர் சுற்றை முடிப்பதற்கு வெகு முன்பே திதி போயிருக்கும். மே 11 இரவே வந்திருக்க வேண்டும் என்பதை அந்த வரி சொல்வதில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே உள்ள வேறுபாடும் அதில் இல்லை. முன்னோட்டம் பொய் சொல்லவில்லை. கேட்டவரின் தேவையை அது அறியாது.

கார்த்திகை தீபத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். தீபம் கிருத்திகை நட்சத்திரத்தைப் பொறுத்தது, பௌர்ணமித் திதியைப் பொறுத்ததன்று. 2025 இல் மகாதீபம் டிசம்பர் 3 மாலை. பௌர்ணமித் திதி பிறந்ததோ டிசம்பர் 4 காலை. 2024 இல் தீபம் டிசம்பர் 13. பௌர்ணமி மறுநாள்தான் வந்தது. இரண்டும் ஒரே நாள் என்று எழுதிய ஏதோ ஓர் ஆண்டின் பழைய பக்கம் மேலே வந்து நின்றால், பேருந்துக்கு முன்பதிவு செய்பவருக்கு அது பணமும் விடுப்பும் சம்பந்தப்பட்ட தவறு.

ஆண்டு குறிப்பிடாத பக்கம் இன்னும் ஆபத்தானது. தீப நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பக்தர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து 2,668 அடி உயர மலையில் ஏற விடுவது வழக்கமாக இருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீடுகள்மீது விழுந்து ஏழு பேர் இறந்தனர். வல்லுநர்கள் மலையை ஆராய்ந்த பிறகு அந்த ஆண்டு பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் விதி தலைகீழாகிவிட்டது. ஆனால் ‘மலையேற அனுமதிச் சீட்டு பெறுவது எப்படி’ என்று முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை. பக்கத்தின் நடுவே எங்கோ தேதி இருக்கலாம். முன்னோட்டமாக வெட்டியெடுக்கப்படும் இரண்டு வரிக்குள் அது இல்லையென்றால், படிப்பவருக்கு அது இந்த ஆண்டின் செய்தி.

இதற்கெல்லாம் தேடுபொறியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மூலத் தகவல் வைத்திருப்பவர்கள் அதை எந்த வடிவில் இணையத்தில் வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு அறிவிப்பும் கோயில் அறிவிப்பும் பெரும்பாலும் முத்திரையும் கையொப்பமும் கொண்ட தாளைப் படமெடுத்து ஏற்றியதாகவோ, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ இருக்கின்றன. பார்க்க அதிகாரபூர்வமாகத்தான் இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்திலிருந்து ஒழுங்கான முன்னோட்ட வரி கிடைப்பது அரிது. அதே அறிவிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்த மூன்றாம் தளம் ஒன்றின் வரியைத் தேடுபொறி எடுத்துக்கொள்கிறது. மூலம் வைத்திருப்பவர் பின்னுக்குப் போகிறார். நகலெடுத்தவர் முன்னுக்கு வருகிறார். போலித் தளங்களுக்கும் இந்த இடைவெளிதான் வழி. தங்கும் அறை, தரிசனச் சீட்டு என்ற பெயரில் போலித் தளங்கள் முளைப்பதைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துப் புகாரும் கொடுத்திருக்கிறது. முன்னோட்டத்தில் உண்மைத் தளமும் போலித் தளமும் ஒரே அளவில், ஒரே எழுத்தில், அடுத்தடுத்து நிற்கின்றன.

தமிழில் இன்னொரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. தேடல் முடிவில் தலைப்பு வெட்டப்படுவது, அது திரையில் அடைக்கும் அகலத்தைப் பொறுத்தது. தமிழ் எழுத்துகள் அகலமானவை. ‘திருவண்ணாமலை அருள்மிகு அருணாசலேஸ்வரர் திருக்கோயில்’ என்று மரியாதையோடு தொடங்கும் தலைப்பு, தேதிக்கு வருவதற்குள் மூன்று புள்ளியில் முடிந்துவிடும். தலைப்பின் கீழ் வரும் விளக்க வரிகளும் தளம் வைத்திருப்பவர் கையில் இல்லை. அவர் எழுதிக்கொடுத்த விளக்கத்தைக் கூகுள் பல நேரம் ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்து தானே வரிகளைப் பொறுக்கிக்கொள்கிறது. 2017 டிசம்பரில் அந்த விளக்கத்தின் நீளத்தைச் சுமார் 320 எழுத்துவரை கூட்டியது. நிறையப் பேர் உட்கார்ந்து விளக்கங்களை மாற்றி எழுதினார்கள். 2018 மே மாதம் மறுபடி 160 அளவுக்குக் குறைத்துவிட்டது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் அளவுகோலுக்கு ஈடுகொடுக்க ஒரே வழி, முதல் இரண்டு வாக்கியங்களைத் தனித்து நின்றாலும் பொருள் தருமாறு எழுதுவது: மாதம், ஆண்டு, திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்தப் பஞ்சாங்கம், யார் அறிவித்தது. தலபுராணம் அதற்குக் கீழே வரட்டும்.

செய்தித் தளங்கள் இதற்கு நேர் எதிராகவே செய்கின்றன. ‘கிரிவலம் செல்ல உகந்த நேரம் எது?’ என்று தலைப்பிலேயே பதிலை மறைக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் பஞ்சபூதத் தலங்களின் சிறப்பு மூன்று பத்தி, நடுவில் தானே ஓடும் வீடியோ, மூட முடியாத விளம்பரம், கடைசியில் நேரம். வருகையையும் விளம்பர வருமானத்தையும் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி அது. அவர்கள் நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் இப்படிக் கட்டிய ஒவ்வொரு பக்கமும், அடுத்த முறை முன்னோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி வாசகரைப் பழக்குகிறது.

இங்கேதான் தளங்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோயிலோ, மாவட்ட நிர்வாகமோ, ரயில்வேயோ தம் தளத்துக்கு ஆள் வராததால் எதையும் இழப்பதில்லை. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் மின்தொடர் ரயில் திருவண்ணாமலைவரை நீட்டிக்கப்பட்ட செய்தி முன்னோட்டத்திலேயே தெரிந்துவிட்டால், ரயில்வேக்கு அது லாபம். தகவல் சரியாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே அவர்கள் கவலை. செய்தியாளரை அனுப்பி, சரிபார்த்து, எழுதி வெளியிடும் பத்திரிகைக்கு வருகைதான் சம்பளம். வ.உ.சி. நகரில் மீட்புப் பணி நடந்த இரவில் மழையில் நின்று செய்தி அனுப்பியவர்களின் உழைப்பு, தேடல் பக்கத்தில் மூன்று வரியாகச் சுருங்கி, அங்கேயே படித்து முடிக்கப்பட்டால், அடுத்த இரவுக்கு ஆள் அனுப்பும் செலவை யார் கொடுப்பார்கள்? முன்னோட்டம் பற்றிய விவாதங்கள் இந்த இரு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன.

இரண்டாம் வகையினரின் இழப்புக்குச் சான்றுகள் உண்டு. பிரபலங்களின் சொத்து மதிப்பைத் திரட்டி வெளியிடும் செலிப்ரிட்டி நெட் வொர்த் என்ற அமெரிக்கத் தளத்தின் எண்களைக் கூகுள் 2016 இல் பதில் கட்டத்தில் காட்டத் தொடங்கியது. தளத்தின் வருகை ஓராண்டில் 65 சதவீதம் சரிந்ததாக அதன் நிறுவனர் பிரையன் வார்னர் 2017 இல் சொன்னார். ஸ்பார்க்டோரோ நிறுவனம் 2024 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் கூகுள் தேடல்களில் 58.5 சதவீதம் எந்தச் சொடுக்கும் இல்லாமல் முடிவது தெரிந்தது. பிறகு செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்தது. அமெரிக்காவில் 2024 மே, இந்தியாவில் அதே ஆண்டு ஆகஸ்ட், முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும். 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் 900 பேரின் தேடல்களைப் பியூ ஆய்வு மையம் ஆராய்ந்தது. சுருக்கம் இல்லாத பக்கங்களில் 15 சதவீத முறை வழக்கமான இணைப்பு ஒன்றைச் சொடுக்கியவர்கள், சுருக்கம் இருந்தபோது 8 சதவீத முறைதான் சொடுக்கினார்கள். சுருக்கத்துக்குள்ளேயே கொடுக்கப்பட்ட மூல இணைப்பைச் சொடுக்கியது ஒரு சதவீதம்.

அப்படியானால் முன்னோட்டத்தை மறுத்துவிடலாமே என்று தோன்றும். ஜெர்மனியில் ஒரு பதிப்பகம் செய்து பார்த்தது. 2013 இல் அங்கே வந்த சட்டம் செய்தி முன்னோட்டத்துக்குக் கட்டணம் கேட்கும் உரிமையைப் பதிப்பாளர்களுக்குக் கொடுத்தது. ஆக்சல் ஸ்பிரிங்கர் குழுமம் 2014 அக்டோபரில் வெல்ட் உள்ளிட்ட தன் நான்கு தளங்களின் முன்னோட்ட வரிகளையும் படங்களையும் கூகுள் காட்டக் கூடாது என்றது. வெறும் தலைப்பு மட்டும் நின்றது. இரண்டே வாரத்தில் கூகுள் தேடலிலிருந்து வந்த வருகை ஏறக்குறைய 40 சதவீதமும், கூகுள் நியூஸிலிருந்து வந்தது ஏறக்குறைய 80 சதவீதமும் விழுந்தன. நவம்பர் தொடக்கத்தில் குழுமம் தடையை விலக்கிக்கொண்டது. முன்னோட்டம் வருகையைத் தின்கிறது என்பது எவ்வளவு உண்மையோ, முன்னோட்டமே இல்லாத தலைப்பைப் பலர் தொடுவதில்லை என்பதும் அவ்வளவு உண்மை. ஐரோப்பாவின் பெரும் பதிப்பகமே இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை என்றால், மாவட்டச் செய்தி போடும் சிறு தமிழ்த் தளம் தனியாக மறுத்துப் பயனில்லை. பேரம் சட்டத்தின் வழியாகத்தான் நடக்க முடியும். பிரான்சில் அது நடந்தது: பதிப்பாளர்களோடு நல்லெண்ணத்தோடு பேசவில்லை என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2021 ஜூலையில் கூகுளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது; 2024 மார்ச்சில் மேலும் 25 கோடி.

இந்தியாவில் டிஜிட்டல் செய்திப் பதிப்பாளர் சங்கத்தின் புகாரின்பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஜனவரி 7 அன்று கூகுள்மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. விளம்பரப் பங்கீடு தவிர, முன்னோட்ட வரிகளைப் பயன்படுத்துவது இரு தரப்பின் பேரம் பேசும் பலத்தில் உள்ள சமமின்மையின் விளைவா, அது செய்தித் தளங்களுக்குப் போகும் வருகையைப் பாதிக்கிறதா என்பதும் ஆராய வேண்டியது என்று ஆணையம் குறித்தது. அந்த உத்தரவு வந்தபோது முன்னோட்டம் என்பது இரண்டு மூன்று வரிதான். இப்போது பல தளங்களிலிருந்து எடுத்துக் கோத்த முழுப் பத்தி. கூகுளின் செயற்கை நுண்ணறிவுத் தேடல் வசதியான ஏஐ மோட் 2025 இல் தமிழுக்கும் வந்துவிட்டது.

தளம் வைத்திருப்பவருக்கு இன்று இருக்கும் தெரிவு 2010 இல் இருந்ததைப் போலவே குறுகியது. ‘நோஸ்னிப்பெட்’ குறியும், 2019 இல் வந்த ‘மேக்ஸ்-ஸ்னிப்பெட்’ குறியும் ஏஐ சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும். கூடவே சாதாரண முன்னோட்ட வரிகளையும் வெட்டிவிடும். ஏஐ பயிற்சிக்குத் தராதே என்று தடுக்கும் ‘கூகுள்-எக்ஸ்டெண்டெட்’ குறி, தேடல் பக்கத்துச் சுருக்கத்தைத் தடுக்காது. ஒரு பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் சொல்கிறது. ஆனால் ஏஐ சுருக்கத்தில் காட்டப்பட்டதையும் சாதாரண முடிவில் காட்டப்பட்டதையும் பிரித்துக் காட்டாமல் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறது. ஆணையம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பிரிப்புக் கணக்கை. அதுவரை தமிழ் நாளிதழ்களும் மாவட்டச் செய்தித் தளங்களும் தம்மிடம் இருக்கும் மாதாந்தரக் கணக்கையாவது சேர்த்துவைத்து விசாரணையின் முன் வைக்கலாம். பௌர்ணமிதோறும் அதே கேள்வி, அதே சொற்கள், அதே அறிவிப்பு என்று மாறாமல் திரும்பி வரும் கிரிவல நேரத் தேடலைவிட, ஏஐ சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் வருகை எப்படி மாறியது என்பதை ஒப்பிட்டுக் காட்டப் பொருத்தமான தேடல் தமிழில் வேறு கிடைப்பது கடினம்.